ஜன்னலில் யாரோடு சண்டை?

குழந்தைகளே! காலையில் நீங்கள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் பக்கம் 'டொக்... டொக்... டொக்...' என்று சத்தம் கேட்டிருக்கிறதா? எட்டிப் பார்த்தால் ஒரு குருவி! கண்ணாடியைக் கொத்துகிறது. இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது, வழுக்கிக் கீழே வருகிறது. கம்பியில் உட்கார்ந்து சற்று ஓய்வெடுக்கிறது. மறுபடியும் 'டொக்... டொக்...' மாலையில் நீங்கள் பள்ளி விட்டு வந்தாலும் அது அங்கேயே இருக்கிறது. மறுநாளும் வருகிறது.

ஏன் இப்படிச் செய்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும். "பாவம், தாகமாக இருக்கும். தண்ணீர் வை" என்பார் பாட்டி. "உள்ளே கூடு கட்ட இடம் தேடுகிறது" என்பார் அம்மா. "கண்ணாடியில் அழகு பார்க்கிறது" என்பாள் அக்கா. "அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது" என்பான் அண்ணன்.

தண்ணீர் வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தாலும் அது கொத்துவதை நிறுத்தாது. அதற்குப் பைத்தியமும் இல்லை. பிறகு என்னதான் செய்கிறது? சண்டை போடுகிறது! யாரோடு? கண்ணாடிக்குள் தெரியும் இன்னொரு பறவையோடு. அந்த இன்னொரு பறவை வேறு யாருமல்ல, அதேதான்!

கிணற்றில் குதித்த சிங்கம்

பஞ்சதந்திரக் கதையில் வரும் சிங்கத்தையும் முயலையும் உங்களுக்குத் தெரியும். "இந்தக் காட்டில் இன்னொரு சிங்கம் இருக்கிறது" என்று சொல்லி, முயல் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துப் போகிறது. சிங்கம் எட்டிப் பார்க்கிறது. தண்ணீரில் ஒரு சிங்கம்! இது கர்ஜித்தால் அதுவும் கர்ஜிக்கிறது. உடனே உள்ளே பாய்ந்துவிடுகிறது.

கதையில் சிங்கம் செய்ததைத்தான் உங்கள் வீட்டு ஜன்னலில் குருவி செய்கிறது. கிணற்றுக்குப் பதில் கண்ணாடி. அவ்வளவுதான் வித்தியாசம். முயலின் தந்திரம் மட்டும் இங்கே இல்லை. நாம் வீட்டுக்குப் போட்ட கண்ணாடியே, நமக்குத் தெரியாமல், முயலின் வேலையைச் செய்துவிடுகிறது.

ஒரு தோட்டத்துக்கு ஒரு ராஜா

பறவை ஏன் தன் பிம்பத்தின் மேல் இவ்வளவு கோபப்பட வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள, குண்டுகரிச்சானைப் பார்ப்போம்.

குண்டுகரிச்சான் நம் ஊர்த் தோட்டங்களில் வாழும் பறவை. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. ஆண் பறவை மேலே பளபளக்கும் கருப்பு. வயிறும் இறக்கையில் ஒரு பட்டையும் வெள்ளை. பெண் பறவைக்குக் கருப்பு இருக்கும் இடத்தில் சாம்பல் நிறம். வாலை விறைப்பாகத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கும். (மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி வேறு, இது வேறு.) பக்கத்து நாடான வங்கதேசத்தின் தேசியப் பறவை இதுதான்.

மார்ச் முதல் ஜூலை வரை இது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். மரப்பொந்திலோ சுவர் ஓட்டையிலோ கூடு இருக்கும். பெண் பறவை 4 அல்லது 5 முட்டை இட்டு அடைகாக்கும். ஆண் பறவையின் முக்கிய வேலை காவல். விடியற்காலையில் உயரமான கிளையிலோ மொட்டைமாடிச் சுவரிலோ உட்கார்ந்து இனிமையாகப் பாடும். நமக்கு அது பாட்டு. மற்ற ஆண் குண்டுகரிச்சான்களுக்கோ அது எச்சரிக்கை. "இந்தத் தோட்டம் என்னுடையது. உள்ளே வராதே!"

ஏன் இந்தக் கண்டிப்பு? குஞ்சுகளுக்கு நாள் முழுவதும் புழுவும் பூச்சியும் வேண்டும். ஒரு தோட்டத்தில் கிடைக்கும் புழுப் பூச்சிகளுக்கு ஓர் அளவு உண்டு. இரண்டு குடும்பங்கள் அதைப் பங்கு போட்டால் இரண்டு வீட்டுக் குஞ்சுகளும் பட்டினி. அதனால்தான் ஒவ்வொரு ஜோடியும் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதைக் காக்கிறது. வேற்று ஆண் நுழைந்தால் முதலில் பாட்டால் மிரட்டும். பிறகு உடலை நிமிர்த்தி, வாலை விரித்து முறைக்கும். பெரும்பாலும் இந்த அளவிலேயே வந்த பறவை புரிந்துகொண்டு போய்விடும். அலகோடு அலகு மோதும் சண்டை எப்போதாவதுதான்.

இப்போது ஜன்னலுக்கு வாருங்கள். காவல் சுற்றும் ஆண் பறவை கண்ணாடியில் ஒரு பறவையைப் பார்க்கிறது. தன் இனம், தன் நிறம், தன் எல்லைக்குள்ளேயே! இது முறைத்தால் அதுவும் முறைக்கிறது. இது வாலை விரித்தால் அதுவும் விரிக்கிறது. இது பாய்ந்தால் அதுவும் பாய்கிறது. உண்மையான எதிரி என்றால் இந்நேரம் பின்வாங்கியிருக்கும். கண்ணாடி எதிரி ஒருநாளும் பின்வாங்காது!

வேடிக்கை என்னவென்றால், களைத்துப் போய் நம் பறவை பறந்து சென்றால் எதிரியும் மறைந்துவிடும். "அப்பாடா, விரட்டிவிட்டோம்" என்பதுபோல் அது கிளைக்குத் திரும்பும். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால், அதோ, எதிரி மறுபடியும் தயார்! நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் இந்தச் சண்டை நீள்வதற்குக் காரணம் இதுதான்.

குண்டுகரிச்சான் மட்டுமல்ல, சிட்டுக்குருவி, தேன்சிட்டு, கொண்டைக்குருவி, வாலாட்டிக் குருவி எல்லாமே இப்படிச் சண்டை போடும். நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள், கார் ஆகியவற்றின் பக்கவாட்டுக் கண்ணாடியையும் விடாது. சில இனங்களில் பெண் பறவையும் கொத்துவது உண்டு.

ஜன்னல் எப்படி முகம் பார்க்கும் கண்ணாடி ஆனது?

"எங்கள் ஜன்னலில் உள்ளே இருந்து பார்த்தால் தெரு நன்றாகத் தெரிகிறதே, அதில் எப்படிப் பிம்பம் விழும்?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி.

சாதாரண ஜன்னல் கண்ணாடியின் மேல் நேராக விழும் ஒளியில் 100-க்குச் சுமார் 8 பங்கு திரும்பிவிடும். மீதியில் பெரும்பகுதி கண்ணாடியைக் கடந்து போகும். ஒளி சாய்வாக விழுந்தால் திரும்பும் பங்கு இன்னும் கூடும். 8 பங்கு குறைவுதானே என்று நினைக்காதீர்கள். பகலில் வெளியே வெயில் கொளுத்துகிறது; அறைக்குள்ளோ மங்கல். உள்ளே இருந்து வரும் கொஞ்சம் வெளிச்சத்தைவிட, வெயிலில் திரும்பும் அந்த 8 பங்கு பலமானது. அதனால் வெளியே நிற்பவருக்கு அறை தெரியாது. வானமும் மரமும் தன் முகமும்தான் தெரியும். வெயிலுக்காகக் கருப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

செய்து பாருங்கள்: பகலில் ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடியைப் பாருங்கள். உங்கள் முகம் தெரியும். உள்ளே வந்து பாருங்கள். தெரு தெரியும், முகம் தெரியாது. இரவில் அறை விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே இருந்து பாருங்கள். இப்போது முகம் உள்பக்கம் தெரியும்! கண்ணாடி மாறவில்லை. வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் மாறியது.

சிவப்பு இறகோடு ஒரு சண்டை

"சரி, அது தன் உருவம்தான் என்று பறவைக்குத் தெரியாதா?" என்பது அடுத்த கேள்வி.

1930-களில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்ட்டிங்டன் என்ற இடத்தில் டேவிட் லாக் என்பவர் பள்ளி ஆசிரியராக இருந்தார். அங்கே ராபின் என்ற சிறு பறவைகளை அவர் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். வளர்ந்த ராபினுக்கு மார்பு சிவப்பு. இளம் ராபினுக்கு அந்தச் சிவப்பு கிடையாது. பதப்படுத்தி வைத்த ராபின் ஒன்றை லாக் ஒரு ராபினின் எல்லைக்குள் வைத்தார். எல்லைக்காரப் பறவை அதைத் தாக்கியது. சிவப்பு மார்பு இல்லாத இளம் ராபினை வைத்தபோது அநேகமாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு தலையும் காலும் இல்லாத வெறும் சிவப்பு இறகுக் கொத்து ஒன்றை வைத்தார். அதைப் பார்த்து ராபின் மிரட்ட ஆரம்பித்துவிட்டது! தாம் கண்டதையெல்லாம் லாக் 1943-ல் புத்தகமாக வெளியிட்டார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எதிரியைப் பார்த்ததும் பறவை நின்று யோசிப்பதில்லை. குறிப்பிட்ட ஓர் அடையாளம் கண்ணில் பட்டதும் உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. காட்டில் இந்த வேகம்தான் அதன் கூட்டைக் காப்பாற்றுகிறது. காட்டில் கண்ணாடி கிடையாதே! பறவைகள் வாழத் தொடங்கிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. வீடுதோறும் பெரிய கண்ணாடி வந்ததோ நேற்று போல. அதனால் குருவியை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள்.

கண்ணாடியில் தெரிவது நான்தான் என்று புரிந்துகொள்வது எளிய காரியமல்ல. 1970-ல் கார்டன் கேலப் என்ற அமெரிக்க அறிஞர் சிம்பன்சிகளை மயக்கத்தில் ஆழ்த்தி, அவற்றின் முகத்தில் வண்ணப் பொட்டு வைத்தார். விழித்ததும் கண்ணாடியைப் பார்த்த சிம்பன்சிகள் கண்ணாடியைத் தொடவில்லை. தங்கள் முகத்தில் இருந்த பொட்டைத் தொட்டன! 2006-ல் நியூயார்க் உயிரியல் பூங்காவில் 'ஹேப்பி' என்ற ஆசிய யானை இந்தச் சோதனையில் தேறியது. 2008-ல் ஜெர்மனியில் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பை என்ற பறவைகளில் சில, தொண்டையில் ஒட்டிய வண்ணத் தாளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நீக்க முயன்றன. பெரும்பாலான பறவைகளால் இது முடிவதில்லை.

நம் குழந்தைகளுக்கே ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுக்குள்தான் இது புரிகிறது. உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்ததும் கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள். கண்ணாடியில் உள்ள பொட்டைத் தொடுகிறதா, தன் கன்னத்தைத் தொடுகிறதா?

இதனால் யாருக்கு நஷ்டம்?

உட்கார்ந்தபடி கொத்துவதால் பறவைக்குப் பெரும்பாலும் பெரிய காயம் ஏற்படாது. சில சமயம் அலகில் ரத்தம் கசியலாம். உண்மையான நஷ்டம் வேறு. தேன்சிட்டின் எடை சுமார் 8 கிராம்தான். இரண்டு மூன்று ஒரு ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அந்த எடை. அவ்வளவு சின்ன உடம்பில் சேர்த்து வைக்கும் பலம் கொஞ்சம்தான். அந்தப் பலத்தை இல்லாத எதிரியிடம் செலவழித்தால் இரை தேடுவது எப்போது? குஞ்சுக்கு ஊட்டுவது எப்போது? சண்டை மும்முரத்தில் பின்னால் பூனை பதுங்கி வருவதையும் அது கவனிக்காமல் போகலாம்.

எல்லைக்காக அது சண்டை போடுவதே குஞ்சுகளுக்காகத்தான். கண்ணாடியிடம் போடும் சண்டையில் நஷ்டப்படுவதும் அதே குஞ்சுகள்தான்.

முதலில் துப்பறியுங்கள்!

ஜன்னலுக்கு வரும் எல்லாப் பறவையும் சண்டைக்கு வருவதில்லை. தேன்சிட்டு தன் கூட்டைச் சிலந்தி நூலால் இழைத்துக் கட்டும். அந்த நூலுக்காகவும் சிலந்திக்காகவும் ஜன்னல் மூலையில் படபடக்கும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூலையில், ஒட்டடை இருக்கும் இடத்தில் மட்டும் கொத்திவிட்டுப் பறந்துபோனால் அது இரைக்கோ நூலுக்கோ வந்தது. கண்ணாடியின் நடுவில், திரும்பத் திரும்ப, இறக்கையை அடித்துக்கொண்டு கொத்தினால் அது சண்டை.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? பெரியவர்கள் உதவியோடு கண்ணாடியின் ஒரு பாதியை வெளிப்புறம் செய்தித்தாள் ஒட்டி மூடுங்கள். தள்ளி நின்று, 10 நிமிடத்தில் எந்தப் பாதியில் எத்தனை முறை கொத்துகிறது என்று எண்ணுங்கள். மூடிய பாதியை விட்டுவிட்டு, திறந்த பாதியை மட்டும் கொத்தினால் பிம்பம்தான் காரணம் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

சண்டையை நிறுத்துவது எப்படி?

வழி மிகச் சுலபம். எதிரியை மறைத்துவிடுங்கள்!

* கண்ணாடியின் வெளிப்பக்கம் செய்தித்தாளையோ பழைய துணியையோ ஒட்டுங்கள். அல்லது ஈரச் சோப்பைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துவிடுங்கள்.

* உள்பக்கம் திரை போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பிம்பம் விழுவது வெளிப்பக்கம். உள்ளே கருந்திரை போட்டால் பிம்பம் இன்னும் பளிச்சென்று தெரியும்!

* கண்ணாடிக்கு வெளியே கொசுவலை அடித்திருந்தால் பிம்பம் மங்கிவிடும். பறவைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

* வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது கழற்ற மறக்க வேண்டாம்.

* கல் எறிவது, கூட்டைக் கலைப்பது இரண்டும் கூடாது. கூடு கட்டும் காலம் முடிந்ததும் அதன் கோபம் தானே தணியும். அதுவரை கண்ணாடியை மூடி வைத்தால் போதும்.

மாடி ஜன்னல் என்றால் நீங்கள் எட்டிக் குனிந்து ஒட்டக் கூடாது. பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கொத்துவது வேறு, மோதுவது வேறு

சில சமயம் 'டமார்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும். பறவை வேகமாகப் பறந்து வந்து கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்திருக்கும். இது சண்டை அல்ல, விபத்து. கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் உண்மை என்று நம்பிப் பறந்து வந்ததால் ஏற்பட்டது. கொத்தும் பறவை எதிரியைப் பார்க்கிறது. மோதும் பறவையோ கண்ணாடியையே பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் டேனியல் கிளெம் என்ற பேராசிரியர் 1974 முதல் இதை ஆராய்ந்து வருகிறார். அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடியே 50 லட்சம் முதல் 98 கோடியே 80 லட்சம் பறவைகள் வரை கட்டடங்களில் மோதி இறக்கலாம் என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா அல்லவா? சிங்கப்பூரில் கட்டடக் கண்ணாடிகளில் மோதி இறக்கும் பறவைகளில் மரகதப்புறாவும் அடிக்கடி இடம்பெறுகிறது.

பெரிய கண்ணாடியில் ஒரே ஒரு கழுகுப் படம் ஒட்டினால் பயன் இல்லை. பறவை அதைச் சுற்றிக்கொண்டு பறக்கும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் புள்ளியோ கோடோ இட வேண்டும். இடைவெளி 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

மோதி விழுந்த பறவை பெரும்பாலும் அதிர்ச்சியில் இருக்கும். பெரியவர்களை அழைத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். பெட்டியை மூடி, பூனையும் சத்தமும் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். பிறகு வெளியே எடுத்துப் போய்ப் பெட்டியைத் திறந்தால், தேறிய பறவை தானே பறந்துவிடும். பறக்க முடியாவிட்டால் கால்நடை மருத்துவரையோ வனத் துறையினரையோ அணுகச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பறவை கொத்தும் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். என்ன பறவை, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசை ஜன்னல், அப்போது வெயில் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கண்ணாடியை மூடிய பிறகு அது எத்தனை நாளில் வருவதை நிறுத்தியது என்பதையும் குறியுங்கள்.

கதையில் வந்த சிங்கத்திடம் "அது நீதான்" என்று சொல்ல யாரும் இல்லை. குருவியிடம் நாம் சொன்னாலும் அதற்குப் புரியாது. ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து ஒட்டினால் போதும், கண்ணாடியில் இருந்த எதிரி காணாமல் போய்விடும். குருவியும் தன் குஞ்சுகளுக்குப் புழு பொறுக்கப் போய்விடும். உங்கள் வீட்டுச் செய்தித்தாள் கட்டில் ஒரு தாள் கிடைக்காமலா போகும்?